வெள்ளைக்கார வாத்திமார்

நெல்லியடிச் சந்தியில் நின்றால் வடமராட்சியின் முக்கால்வாசி வழிகளும் கைக்கெட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ் வல்லைவெளிக் காற்றைக் கடந்து, இங்கே ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டுதான் பருத்தித்துறைக்குப் போகிறது. கொடிகாமத்துக்கு ஒரு வழி, உடுப்பிட்டிக்கு ஒரு வழி, கரவெட்டிக்குள் இறங்க இன்னொரு வழி. குடாநாட்டின் எந்தச் சந்தியையும் போல இங்கும் ரியூட்டரி விளம்பரங்களுக்குக் குறைவில்லை. லண்டனுக்கோ கனடாவுக்கோ புறப்படக் காத்திருக்கும் பிள்ளைகள் ஐ.ஈ.எல்.ரி.எஸ். வகுப்புக்குச் சைக்கிளில் போகிறார்கள். படிப்பிக்கிறவர் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர். கடல் கடக்கப்போவது மாணவன்.

இருநூறு வருடங்களுக்கு முன் இந்தக் கணக்கு நேர்மாறாக இருந்தது. மாணவன் வீட்டிலிருந்து நடந்து வந்தான். கடலைக் கடந்து வந்தவர் வாத்தியார். நெல்லியடிக்கு ஒரு பக்கம், பருத்தித்துறையில், இங்கிலாந்திலிருந்து வந்த உவெஸ்லியன் மிஷனார் இருந்தார்கள். மற்றப் பக்கம், உடுப்பிட்டியில், அமெரிக்க மிஷனார் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் சில மைல் தூரந்தான். இவர்கள் எல்லோரும் கிறிஸ்துவைச் சொல்ல வந்தவர்கள். ஊர் அவர்களிடம் கேட்டது ஆங்கிலத்தை. யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த வெள்ளைக்கார ஆசிரியரின் அன்றாட வாழ்க்கை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த பேரம்தான்.

அமெரிக்கர்கள் வந்த கதை அரசியலில் தொடங்குகிறது. 1815 ஒக்டோபரில் மாசசூசெற்ஸ் மாநிலத்தின் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து 'ட்ரையட்' என்ற பாய்மரக் கப்பல் புறப்பட்டது. கொழும்பில் அது நங்கூரம் போட்டது 1816 மார்ச்சில். ஐந்து மாதப் பயணம். கப்பலில் டானியேல் பூவர், எட்வேர்ட் வாரன், ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ், பெஞ்சமின் மெய்க்ஸ் ஆகிய இளம் போதகர்கள் இருந்தார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் போர்புரிந்து ஓய்ந்து ஒன்றரை வருடங்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் பிரித்தானியக் குடியேற்றம் ஒன்றில் அமெரிக்கருக்கு இடம் கிடைத்ததே பெரிய காரியம். தேசாதிபதி பிறவுன்றிக் அனுமதி கொடுத்தார். அவர்கள் வடக்கே போனார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் பூவரும் வாரனும் தெல்லிப்பழையில் குடியேறினார்கள். மெய்க்சும் றிச்சர்ட்சும் வட்டுக்கோட்டையில்.

குடியேறினார்கள் என்று எழுதுவது சுலபம். கிடைத்த வீடுகள் போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பாவித்து, பிறகு எவரும் எட்டிப் பாராமல் விட்ட கோவில்களும் அவற்றின் பங்களாக்களும். கூரை போய்ச் சுவர்கள் மட்டும் நின்றன. பனைமரம் தறித்து, சிலாகை போட்டு, கூரை வேய்ந்து, தாங்கள் இருக்கவும் பிள்ளைகள் படிக்கவும் இடம் பண்ணினார்கள். போதகர் படிப்புப் படித்து வந்த இந்த இளைஞர்களுக்கு முதல் வேலை தச்சரோடும் மேசனோடும் பேரம் பேசுவது. அதையும் அரைகுறைத் தமிழில் பேச வேண்டியிருந்தது.

அரசாங்கத்தின் தயவும் நிரந்தரமாக இருக்கவில்லை. 1820இல் ஜேம்ஸ் கரற் என்ற அச்சுத் தொழிலாளி அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது பொறுப்பிலிருந்த எட்வேர்ட் பார்ன்ஸ், மூன்று மாதத்துக்குள் தீவை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு போட்டார். கரற் பம்பாய்க்குப் போய் அங்குள்ள மிஷன் அச்சகத்தில் வேலை செய்தார். புதிய அமெரிக்கர்கள் வருவதற்கிருந்த தடை 1833 வரை நீடித்தது. இருந்தவர்கள் செத்தால் மாற்று ஆள் இல்லை. அதுவும் அடிக்கடி நடந்தது: வாரன் 1818இல் இறந்தார், பூவரின் மனைவி சூசன் 1821இல், றிச்சர்ட்ஸ் 1822இல்.

பள்ளிக்கூடம் திறந்ததும் ஊர் தன் நிபந்தனைகளை வைத்தது. பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பிக்க வேண்டும் என்பது மிஷனாரின் ஆசை. வீட்டிலும் கோவிலிலும் கேட்பதை மறக்கச் செய்ய வேறு வழி இல்லை என்று அவர்கள் நினைத்தார்கள். பெற்றோருக்கு முதற் கவலை சமையல். வேதக்காரர் வளவில் சமைத்த சோற்றை வெள்ளாளப் பிள்ளை சாப்பிடுவதா? தொடக்க காலத்தில் குசினி மிஷன் வளவுக்கு வெளியே, சைவருடைய காணியில் இருந்தது. பிள்ளைகள் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து ஆங்கில இலக்கணம் படித்தார்கள். அமெரிக்காவின் நன்கொடையாளருக்குப் போன அறிக்கைகளை எழுதியவர்களுக்கு இது கசந்திருக்கும். ஆனாலும் விட்டுக்கொடுத்தது அவர்கள்தான். சாதியோடு முட்டிப் பள்ளிக்கூடத்தை வெறுமையாக்கவா, வளைந்து கொடுத்து நிரப்பவா என்ற கேள்வி அவர்களை விடவே இல்லை. அதற்கு அவர்கள் காலத்துக்கொரு பதில் சொன்னார்கள். எந்தப் பதிலிலும் அவர்களுக்கே திருப்தி இருந்ததாகத் தெரியவில்லை.

நன்கொடையாளர் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. நியூ இங்கிலாந்தில் ஒரு குடும்பமோ சபையோ ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றால், அவர்கள் விரும்பிய பெயர் அந்தப் பிள்ளைக்கு வந்து சேரும். இப்படித்தான் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட இடாப்புகளுக்குள் நெவின்சும் கறோலும் ஆர்னல்டும் முளைத்தார்கள். சதாசிவம்பிள்ளைக்கு ஜே. ஆர். ஆர்னல்ட் என்று ஒரு பெயர்; 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய அதே சதாசிவம்பிள்ளைதான். சிதம்பரப்பிள்ளைக்கு வில்லியம் நெவின்ஸ். அவருடைய மகன் நெவின்ஸ் செல்வதுரை பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார். அமெரிக்கப் போதகர் ஒருவரின் பெயரைச் சுமந்துகொண்டு சைவப் பிள்ளைகளின் கல்லூரியை நடத்தியவர் அவர்.

1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி இந்த ஆசிரியர்களின் பெருமை. ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானசாஸ்திரம் எல்லாம் அங்கே இருந்தன. வானசாஸ்திரத்தைப் பூவர் வகுப்புக்குள் மட்டும் வைத்திருக்கவில்லை. 1829இல் வந்த சந்திர கிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்தில் குறித்த நேரமும் அளவும் பிழை என்று முன்கூட்டியே அறிவித்து, ஊரை வானம் பார்க்க வைத்தார். தங்கள் கணக்கு வென்றது என்பது மிஷனாரின் பதிவு. ஆனால் பஞ்சாங்கம் பார்ப்பதை ஊர் நிறுத்தவில்லை. கணக்கை இவர்களிடம் படித்துக்கொண்டு, நாளை அவர்களிடம் கேட்டுக்கொண்டது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமெர்சன் ரெனன்ட் 1850இல் வெளியிட்ட நூலில் இந்தச் செமினரியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்.

ஆண்கள் எழுதிய அறிக்கைகளில் வீட்டுப் பாடு அதிகம் வராது. அதற்குப் பெண்களிடந்தான் போக வேண்டும். ஹரியற் வின்ஸ்லோ கனெக்ரிகற்றின் நோர்விச்சில் பிறந்தவர். கணவர் மைறன் வின்ஸ்லோவோடு 1820இல் உடுவிலுக்கு வந்து, 1824இல் அங்கே பெண்களுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு, படித்தால் எவன் கட்டுவான் என்பது அன்றைய தாய்மாரின் நேரடியான கேள்வி. அதற்கு மிஷன் சொன்ன பதிலும் யாழ்ப்பாணத்துக்கு விளங்கும் பதில்தான். படிப்பு முடியும்வரை இருந்து கிறிஸ்தவரைக் கட்டும் பெண்ணுக்கு மிஷனே சிறு சீதனம் கொடுத்தது. அமெரிக்கப் பணம் யாழ்ப்பாணத்துச் சீதனமாக மாறியதைப் பற்றி நன்கொடை கொடுத்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

ஹரியற் பெற்ற பிள்ளைகளில் பலர் நிலைக்கவில்லை. படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிய மகன் சார்ள்ஸ் அங்கே இறந்துபோனான். பாய்க்கப்பலில் வரும் கடிதத்துக்கு மாதக்கணக்காகும் காலம் அது. மறு வருடமே, 1833இல், அவரும் போய்விட்டார். உடுவிலில் பிறந்த மகள் ஒருத்தி அமெரிக்காவில் வளர்ந்து டலஸ் குடும்பத்தில் மணமுடித்தாள். ஐசன்ஹவர் ஆட்சியில் வெளியுறவுச் செயலராக இருந்த ஜோன் ஃபொஸ்டர் டலசும், சி.ஐ.ஏ. தலைவராக இருந்த அலன் டலசும் அவளுடைய பேரப்பிள்ளைகள். பனிப்போரின் இரண்டு பெருந்தலைகளுக்கு அப்பாச்சி ஊர் உடுவில்.

உடுவிலின் நெடுங்கதை எலிசா அக்னியூ. நியூயோர்க்கில் 1807இல் பிறந்தவர். சின்னப் பிள்ளையாகப் பூமிசாத்திர வகுப்பில் இலங்கைப் படத்தைப் பார்த்த அன்றே அங்கே போவதென்று முடிவெடுத்தார் என்பார்கள். பெற்றோரைக் கடைசிவரை பார்த்துவிட்டு, முப்பது வயது தாண்டித்தான் கப்பலேறினார். 1840இல் யாழ்ப்பாணம் வந்தார். மணமாகாத பெண் ஒருத்தி தனியே வந்து வேலை பார்ப்பது அமெரிக்க மிஷனுக்கும் புதிது, ஊருக்கும் புதிது. நாற்பது வருடம் உடுவில் பள்ளிக்கூடத்தை நடத்தினார். ஒருமுறைகூட விடுமுறையில் ஊருக்குப் போகவில்லை. கையில் படித்தவர்களின் பெண்களும், பிறகு அவர்களின் பெண்களும் அதே விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். ஆயிரம் பெண்களுக்குத் தாய் என்று அவரைச் சொல்வது வெறும் புகழ்ச்சி இல்லை. அவர் காலத்தில் படித்தவர்களின் தொகை ஆயிரத்தைத் தாண்டும். 1883இல் மானிப்பாயில் இறந்தார். அவரைப் போன்றவர்களை வெளிநாட்டு ஆசிரியர் என்று சொல்வதில் பொருள் உண்டா என்பதே சந்தேகம். நாற்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு எது வெளிநாடு?

வல்லைவெளிக்கு இப்பால் வருவோம். வலிகாமத்தையும் வடமராட்சியையும் பிரிக்கும் தொண்டைமானாற்று நீரேரியை ஒட்டிய அந்த வெட்டவெளி பகலில் உப்புக்காற்று, இரவில் முனிப் பயம். மாட்டு வண்டிலில் அதைத் தாண்டுவது ஒரு பெரும்பாடு. இக்கரையில் உவெஸ்லியன்காரரின் கோட்டை பருத்தித்துறை. பீற்றர் பேர்சிவல் 1838இல் அங்கே தொடக்கிய பள்ளிக்கூடந்தான் 1916 முதல் ஹாட்லிக் கல்லூரி என்று பெயர்பெற்றது. அந்தப் பெயரும் இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். மிஷன் சங்கத்தின் செயலாளராக இருந்த மார்ஷல் ஹாட்லியின் பெயர். உடுப்பிட்டியில் அமெரிக்க மிஷனார் 1852இல் ஆண்களுக்கும், 1868இல் பெண்களுக்கும் பள்ளிக்கூடம் திறந்தார்கள். கரவெட்டிப் பிள்ளைக்கு இரண்டுமே நடைதூரம்.

பேர்சிவல் இந்தக் கூட்டத்தில் வித்தியாசமானவர். யாழ்ப்பாணத்துக்கு 1826இல் வந்தார். யாழ்ப்பாணப் பட்டினத்தில் அவர் நடத்திய ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் (இப்போதைய மத்திய கல்லூரி) படித்த ஒரு நல்லூர்ப் பையன், அங்கேயே கீழ்வகுப்புக்கு ஆங்கிலமும் மேல்வகுப்புக்குத் தமிழும் படிப்பித்தான். பிறகு பேர்சிவலுக்கே தமிழ் சொல்லிக்கொடுத்து, பைபிளைத் தமிழாக்கும் வேலையில் பக்கத்தில் இருந்தான். அவர்தான் ஆறுமுக நாவலர். 1848இல் அந்த வேலையை விட்டு விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது நாவலருக்கு வயது 25. மிஷன் பள்ளிக்கூடத்தின் வகுப்புமுறை, அச்சுப் பாடப்புத்தகம், மேடைப் பிரசங்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அவற்றை மிஷனுக்கு எதிராகவே திருப்பினார். பேர்சிவலுக்கும் அந்தப் பழக்கத்தில் நட்டமில்லை. சென்னைக்குப் போய் 1855இல் 'தினவர்த்தமானி' பத்திரிகையைத் தொடக்கினார். 1874இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். ஆங்கிலம் படிப்பிக்க வந்தவர் கடைசியில் தமிழ் மாணாக்கராகவே முடிந்தார். வின்ஸ்லோவும் அப்படித்தான். சென்னையில் 1862இல் வெளிவந்த அவருடைய அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. அதற்கான சேகரிப்பு யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைற் தொடக்கி வைத்தது.

இந்த இடத்தில்தான் கதை முறுகுகிறது. 1855இல் போஸ்டனிலிருந்து அமெரிக்க மிஷன் சபையின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் தன் குழுவோடு யாழ்ப்பாணம் வந்து கணக்குப் பார்த்தார். செமினரியில் படித்த பையன்கள் போதகராகாமல் கச்சேரிக் கிளாக்காகவும் சட்டத்தரணியாகவும் போகிறார்கள். ஆங்கிலம் அவர்களை ஊரிலிருந்தும் கோவிலிலிருந்தும் ஒருசேரப் பிரிக்கிறது. போதனை தாய்மொழியில் நடக்க வேண்டும் என்பது அவர் முடிவு. வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. முப்பது வருடம் கட்டியெழுப்பிய பள்ளிக்கூடத்தின் கதவைப் பூட்டியவர்கள் அதைக் கட்டிய சபையாரே. பூவர் அதைப் பார்க்க நேரவில்லை. அந்த வருடம் பெப்ரவரியிலேயே மானிப்பாயில் வாந்திபேதி கண்டு இறந்துபோனார்.

அன்டர்சன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன் 1860களில் தமிழிலேயே வைத்தியப் பாடம் நடத்தி, தமிழில் மருத்துவ நூல்களை வெளியிட்டார். அது இன்றுவரை வியக்கத்தக்க காரியம். ஆனால் யாழ்ப்பாணத்துத் தகப்பன்மாருக்குத் தாய்மொழிக் கல்வியின் பெருமை வயிற்றை நிரப்பவில்லை. கற்பாறை நிலம், தோட்டக்காணித் துண்டு, ஐந்து பிள்ளைகள்; உத்தியோகம் இல்லாவிட்டால் மூத்தவளுக்குச் சீதனத்துக்கு எங்கே போவது? செமினரியில் படித்த பழைய மாணாக்கரும் ஊர்ப் பெரியவர்களும் விடவில்லை. அவர்களுடைய வற்புறுத்தலோடும் நன்கொடையோடும் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் பிறந்தது. முதல் அதிபர் ஈ. பி. ஹேஸ்ரிங்ஸ் மறுபடியும் அமெரிக்கர்தான். இம்முறை அவரை ஆங்கிலம் படிப்பிக்க வைத்தவர்கள் உள்ளூர்க்காரர்.

சைவரும் அதே பாடத்தைப் படித்துக்கொண்டார்கள். வேதப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஆங்கிலம் வேண்டுமென்றால், சொந்தமாகப் பள்ளிக்கூடம் வேண்டும். தெற்கே பௌத்தர்கள் பிரம்மஞான சபையின் உதவியோடு இதைச் செய்துகொண்டிருந்தார்கள். காலி மகிந்தக் கல்லூரியில் எஃப். எல். வுட்வேட் என்ற ஆங்கிலேயர் 1903 முதல் அதிபர். யாழ்ப்பாணத்தில் இந்துக் கல்லூரி ஏற்கனவே நடந்தது. சைவப் பெண்களுக்குத்தான் இடமில்லை. அதை எடுத்துச் செய்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி திறந்தபோது, அதன் முதல்வராக ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். அவர் மிஷனாரி இல்லை. அவரைப் பற்றிக் கேள்விப்பட்டால் உடுவில் மிஸியம்மாமார் தேநீரைக் கீழே வைத்திருப்பார்கள்.

புளோறன்ஸ் ஃபார், 1860இல் பிறந்தவர், லண்டன் நாடக மேடையின் நடிகை. இப்சனின் 'றோஸ்மர்ஷோம்' 1891இல் லண்டனில் மேடையேறியபோது கதாநாயகி றெபெக்கா வெஸ்ற் அவர்தான். பெர்னாட் ஷாவின் முதல் நாடகத்தில் 1892இல் நடித்தார். 1894இல் அவரே நடத்திய நாடகப் பருவத்தில் ஷாவின் 'ஆர்ம்ஸ் அன்ட் த மான்' முதல்முறை அரங்கேறியது. அதே பருவத்தில் கவிஞர் யேட்சின் நாடகமும். கணவரை விவாகரத்துச் செய்தவர். ஷாவுக்குக் காதலி, யேட்சுக்கு நெருங்கிய தோழி. 'கோல்டன் டோன்' என்ற மந்திர மறைச் சங்கத்தில் தலைமைப் பதவி வரை போனவர். ஆர்னல்ட் டொல்மெச் செய்துகொடுத்த நரம்புக் கருவியை மீட்டிக்கொண்டு யேட்சின் கவிதைகளை ஒருவித ஓதலாகச் சொல்லி, ஊரூராக நிகழ்ச்சி நடத்தினார். அந்தக் குரலுக்காகவே யேட்ஸ் எழுதினார் என்று சொல்வோரும் உண்டு.

இப்படிப்பட்டவர் தன் ஐம்பத்திரண்டாம் வயதில், 1912இல், உடைமைகளை விற்றுவிட்டு யாழ்ப்பாணம் வந்தார். ஷாவும் யேட்சும் எழுதிய கடிதங்களைக் கிளிஃபோர்ட் பாக்ஸ் என்ற நண்பரிடம் ஒப்படைத்தார். 1941இல்தான் அவை அச்சேறின. வயதேறிய நடிகைக்கு லண்டனில் வேடங்கள் குறைந்திருந்தன என்பது ஒரு காரணம். கீழைத் தத்துவத்தில் பற்று என்பது மற்றது. லண்டனில் சந்தித்த இராமநாதனிடம் அவர் தேடியதை எல்லாம் பேசக்கூடிய ஒருவரைக் கண்டார். இராமநாதனுக்கும் மேலைநாட்டு மாணாக்கர் புதிதில்லை. மத்தேயு சுவிசேஷத்துக்கும் யோவான் சுவிசேஷத்துக்கும் அவர் சைவ ஞான வழியில் சொன்ன விளக்கங்களை, 1898இலும் 1902இலும் ஆர். எல். ஹரிசன் என்ற பெண்மணி தொகுத்து வெளியிட்டிருந்தார். அந்த ஹரிசன்தான் பிறகு லீலாவதி இராமநாதன். அமெரிக்கர் எண்பது வருடத்துக்கு மேலாக யாழ்ப்பாணத்தானுக்குப் பைபிள் விளங்கப்படுத்திக்கொண்டிருக்க, யாழ்ப்பாணத்துச் சைவர் வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் பைபிள் விளங்கப்படுத்தினார்!

கல்லூரியில் ஃபாரின் நிலையை உடுவிலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அக்னியூவுக்குச் சம்பளமும் கட்டளையும் போஸ்டனிலிருந்து வந்தன. ஃபாருக்கு இரண்டும் மருதனார்மடத்திலேயே கிடைத்தன. முதலாளி தமிழர். பெண்கள் சைவக் குடும்பத்துப் பெண்கள். திருநீறும் தேவாரமும் வகுப்பின் பகுதி. மதம் மாற்றுவதற்கென்று ஒரு மணி நேரமும் கால அட்டவணையில் இல்லை. அந்தப் பழக்கவழக்கங்களை மதித்து நடந்ததே கல்லூரி தழைக்கக் காரணம் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மேடையை ஆண்ட பெண்ணுக்கு நிர்வாகமும் கைவந்தது. யேட்சுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினார். தமிழ்ப் பாட்டுகளை ஆங்கிலமாக்கி அவருக்கு அனுப்பினார். யேட்சின் வேறொரு நண்பரான ஜேம்ஸ் கசின்ஸ் 1915இல் சென்னைக்கு வந்து அன்னி பெசன்ரோடு சேர்ந்த கதை தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியும். அதற்கு மூன்று வருடம் முன்பே யாழ்ப்பாணம் வந்துவிட்ட ஃபாரை நம்மவர்களே மறந்துவிட்டோம். கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களின் நூற்றாண்டு மலர்களில் மிஷனாரின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. நாடகக்காரிக்கு அந்த வரிசையில் இடமேது?

1916இல் மார்பில் கட்டி கண்டது, புற்றுநோய். இடது மார்பை அகற்றினார்கள். தையல் போட்ட நெஞ்சைத் தானே கேலியாகப் படம் வரைந்து யேட்சுக்கு எழுதிய கடைசிக் கடிதம் இருக்கிறது. தன்னைக் கிரேக்கப் புராணத்தின் ஒற்றை மார்பு வீராங்கனை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார். 1917 ஏப்ரலில் கொழும்பு ஆசுபத்திரி ஒன்றில் இறந்தார். சைவ முறைப்படி தகனம் நடந்தது; சாம்பலை இராமநாதன் களனி கங்கையில் கரைத்தார். 1920இல் யேட்ஸ், இறந்துபோன தன் நண்பர்களை அழைத்துப் பேசும் 'ஓல் சோல்ஸ் நைற்' கவிதையை எழுதியபோது, அவர் அழைத்த மூவரில் ஒருவர் ஃபார். முதுமை அழகைக் கொண்டுபோவதைப் பார்க்கப் பொறுக்காமல் தூரதேசத்துக்குப் படிப்பிக்கப் போனவள் என்று அந்தக் கவிதை அவரைக் காட்டுகிறது. யாழ்ப்பாணத்தின் பெயர் அதில் இல்லை. லண்டனிலிருந்து பார்த்தால் ஓடிப்போனவள். மருதனார்மடத்திலிருந்து பார்த்தால் வந்து சேர்ந்தவள். ஐந்து வருடம் ஒரு கல்லூரியைக் கட்டியெழுப்பிய பெண்ணைப் பற்றி இந்த இரண்டாவது பார்வை சொல்வதையே நம்பலாம் போலிருக்கிறது.

அதற்குப் பின் வந்த வெள்ளைக்கார அதிபர்களின் காலம் ஒழுங்கானது, வசதியானது, கதைக்குச் சற்றுக் குறைவானது. 1905 முதல் கொழும்பிலிருந்து ரயில் வந்தது, தபால் வந்தது, கிரிக்கெற் போட்டி வந்தது. பரியோவான் கல்லூரியில் ஹென்றி பீற்றோ 1920 முதல் 1940 வரை. யாழ்ப்பாணக் கல்லூரியில் ஜோன் பிக்னெல், அவருக்குப் பின் 1937 முதல் 1966 வரை சிட்னி பங்கர். புனித பத்திரிசியார் கல்லூரியில் அயர்லாந்துக்காரரான லோங் அடிகளார். யாழ்ப்பாணம் பொது நூலகம் உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. வடமராட்சிப் பக்கம் காற்று முன்னரே திசைமாறிவிட்டது. ஹாட்லியில் 1915இலேயே சி. பி. தாமோதரம் அதிபரானார், 1943 வரை அவரே இருந்தார். 1940களின் நடுவிலிருந்து போதனாமொழி தாய்மொழிக்கு மாறத் தொடங்கியது. 1960இல் அரசாங்கம் உதவி பெறும் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்றது. ஹாட்லியும் உடுப்பிட்டி அமெரிக்க மிஷன் கல்லூரியும் அரசாங்கத்துக்குப் போயின. வெளிநாட்டு ஆசிரியருக்கென்று இருந்த கதிரை அத்தோடு போய்விட்டது.

அதே காலத்தில் எதிர்த்திசையில் பயணம் நடந்துகொண்டிருந்தது. மலாயாவில் ரயில்வேக் கிளாக்காகப் போன யாழ்ப்பாணத்தாரோடு ஆசிரியர்களும் போய் ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் சேர்ந்தார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நைஜீரியா, சாம்பியா, எதியோப்பியா. எண்ணெய்ப் பணத்தால் நைஜீரியாவில் பள்ளிக்கூடங்கள் பெருகி ஆசிரியருக்குத் தட்டுப்பாடு வந்தபோது, குடாநாட்டின் பட்டதாரி ஆசிரியர்கள் ஒப்பந்தத்தில் போனார்கள். ஹாட்லியில் வாங்கிய ஆங்கிலத்தை ஆபிரிக்கப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கடிதத்துக்குக் காத்திருப்பதும், மிளகாய்த்தூளைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோவதும், வீட்டுப் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்த துயரமும் இம்முறை தமிழர் வீட்டுக் கதைகளாயின. 1980களில் நைஜீரிய நாணயம் சரிந்ததும் அந்த வழியும் அடைபட்டது. அதற்குள் இங்கே போர் மூண்டுவிட்டது. நெல்லியடி மத்திய மகா வித்தியாலயமே இராணுவ முகாமாகி, 1987 யூலை 5ஆம் திகதி கரும்புலித் தாக்குதலில் நொறுங்கியது.

அந்தப் போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர் சுரேஷ் கனகராஜா. மின்சாரம் இல்லை, கடதாசி இல்லை, குண்டுவீச்சுக்கு நடுவே வகுப்பு. கையில் இருந்தது நன்கொடையாக வந்த அமெரிக்கப் பாடப்புத்தகம். விமானப் பயணமும் விருந்தும் நிறைந்த அந்தப் பாடங்களின் ஓரங்களில் மாணவர்கள் எழுதிவைத்த கிறுக்கல்களை அவர் சேகரித்தார்: சினிமாக் காட்சிகள், போராட்டச் சுலோகங்கள், பாட்டு வரிகள். வாய்திறந்து மறுக்காத பிள்ளைகள் பென்சிலால் மறுத்திருந்தார்கள். வெளியிலிருந்து வரும் ஆங்கிலத்தை யாழ்ப்பாணத்துப் பிள்ளை எப்படித் தனக்கேற்ற மாதிரி வளைத்து எடுத்துக்கொள்கிறது என்பதை விளக்கி அவர் 1999இல் வெளியிட்ட நூல், ஆங்கிலம் படிப்பிக்கும் துறையில் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. வட்டுக்கோட்டையில் சோற்றை வெளிக் குசினியில் தின்றுவிட்டு இலக்கணம் படித்த பையன்களை அவருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

1994இல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் பறூக் கல்லூரியில் அமெரிக்க மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதக் கற்பித்தார். 2005 முதல் சில வருடம், உலகின் ஆங்கில ஆசிரியர்கள் வாசிக்கும் முதன்மையான ஆய்விதழ் ஒன்றுக்கு ஆசிரியராக இருந்தார். பிறகு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். வேறு நாடுகளுக்குப் போய் ஆங்கிலம் படிப்பிக்கப் புறப்படும் இளம் அமெரிக்கர்களும் அங்கே அவரிடம் படிக்கிறார்கள்.